சாணி வண்டுக்கு எதற்குத் தொப்பி?

கேள்வி: என் மகள் எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு, சாணி வண்டைப் பற்றி பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்கிறாள். வெளிநாட்டில் வண்டுக்குத் தொப்பி மாட்டி ஆராய்ந்ததை எனக்குக் காட்டினாள். ஜப்பான்காரர் ஒருவர் சோழர் கல்வெட்டுகளில் உள்ள ஆட்பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்றும் படித்தேன். மக்கள் வரிப்பணத்தில் இதெல்லாம் தேவையா? நோய், பசி, வேலை என்று பயனுள்ள கேள்விகளை மட்டும் ஆராயும்படி அரசு சட்டம் போட்டால் என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், லால்குடி

பதில்: கூடாது. அப்படி ஒரு சட்டம் வந்தால் அதை எதிர்த்து இந்தப் பக்கத்தில் வாராவாரம் எழுதுவேன்.

தொப்பிக் கதையை நீங்கள் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். சாணிக் குவியலில் உருண்டை பிடித்த வண்டு, இன்னொரு வண்டு அதைப் பறிப்பதற்குள் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். நேராகப் போனால் தப்பிக்கும். வளைந்தால் திரும்பவும் குவியலுக்கே வந்து மாட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவில் ஒரு வகை வண்டு, நிலா இல்லாத இரவிலும் நூல் பிடித்தாற்போல் உருட்டிக்கொண்டு போகிறது. எதைப் பார்த்துப் போகிறது? சுவீடனைச் சேர்ந்த மேரி டாக்கேயும் அவர் குழுவினரும் கேட்ட கேள்வி இதுதான். வண்டின் தலையில் கருப்பு அட்டையில் குட்டித் தொப்பி வைத்தார்கள். வானம் மறைந்ததும் வண்டு சுற்றிச் சுற்றி அலைந்தது. ஒருவேளை தொப்பி உறுத்தியதால் தடுமாறியதோ? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கிலும் தொப்பி செய்து வைத்தார்கள். அதைப் போட்ட வண்டுகள் நேராகப் போயின. பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கோளரங்கத்துக்கே வண்டுகளைக் கொண்டுபோய், மேலே பால்வீதியை மட்டும் காட்டினார்கள். அப்போதும் திசை தவறவில்லை. வானத்துப் பால்வீதியை வைத்துத் திசை பிடிக்கும் உயிரினம் ஒன்று உண்டு என்று 2013இல் உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான். அந்த இரண்டாவது தொப்பியை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது. தான் நம்பும் விடையைத் தானே மடக்கிப் பார்க்கிற நேர்மை அது.

பெயர் எண்ணியவர் வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா. அவர் எண்ணியது உங்கள் மாவட்டத்தின் கதையை. திருச்சிப் பக்கம் காவிரிக் கரையில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். பிராமணர்களுக்கு விடப்பட்ட ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களின் பெயரில் இருந்தது. அல்லூரில் அது ஊராரின் பொதுவில் இருந்தது. அப்புறம் கல்வெட்டு அறிஞர் எ. சுப்பராயலுவோடும் இன்னொரு ஜப்பானியரோடும் சேர்ந்து ஆயிரக்கணக்கான பெயர்களைத் தொகுத்தார். 'இன்ன ஊர் உடையான்' என்று ஒருவன் பெயர் கல்லில் வந்தால், அங்கே நிலம் உடையவன் என்று பொருள். அந்த 'உடையான்'கள் எந்தக் காலத்தில், எந்தப் பகுதியில் பெருகுகிறார்கள் என்று பார்த்தால், பொதுநிலம் தனியார் கைக்குப் போன தடம் தெரிகிறது. எந்த அரசனும் கல்வெட்டில் தன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் இதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. எண்ணித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனின் கேள்வி வேறு மாதிரி. நான்கை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். நூறை? 19,05,69,292 விதம். ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்காமல் இந்த எண்ணிக்கையை எட்டிப் பிடிக்க அவரும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் 1918இல் ஒரு சூத்திரம் தந்தார்கள்.

பயன் வேண்டும் என்கிறீர்கள். சாணி வண்டிலேயே அதுவும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் உள்ளூர் வண்டுகள் கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மாடுகளின் சாணியை அவற்றால் சமாளிக்க முடியவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் சாணி காய்ந்து கிடந்தது, ஈ மொய்த்தது. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போர்னமிஸா இதைப் பார்த்து, வெளிநாட்டுச் சாணி வண்டுகளைக் கொண்டுவரும் யோசனையைச் சொன்னார். 1960களின் கடைசியில் அவற்றை அங்கே விடத் தொடங்கினார்கள். வண்டுகளை அதற்கு முன்பே இனம் பிரித்து எழுதிவைத்தவர்கள் ஆஸ்திரேலிய ஈயை நினைத்து எழுதவில்லை. உங்கள் சட்டம் அன்று இருந்திருந்தால் அந்த ஆட்களுக்கு வேலையே இருந்திருக்காது.

ஆனாலும் வண்டின் பயனைக் காட்டி உங்களை ஒப்புக்கொள்ள வைப்பதில் எனக்கு மனமில்லை. அந்தக் கணக்கில் அல்லூர்க் கல்வெட்டு தோற்றுவிடும். அதைப் படிப்பதால் ஒரு படி நெல்கூட அதிகம் விளையாது. ஆனால் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படிப் போனது என்று தெரியாமல், நம் ஊர்ச் சொத்தையும் சாதியையும் பற்றி நாம் பேசுவதெல்லாம் வெறும் வாய்ச்சண்டை.

வரிப்பணம் வீணாவது வேறு இடத்தில். பழைய ஆய்வேட்டில் நாவலாசிரியர் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் மட்டும் மாற்றி, 'ஓர் ஆய்வு' என்று தலைப்பிட்டு பைண்டு செய்து கொடுக்கிறார்களே, அங்கே. முந்நூறு பக்கம் புரட்டினாலும் அதில் ஒரு கேள்வி இருக்காது. அப்படிப்பட்டவை என் மேசைக்கும் மதிப்புரைக்காக வருகின்றன. படித்துவிட்டு வயிறெரிந்திருக்கிறேன். கோபப்பட வேண்டுமானால் அதன் மேல் கோபப்படுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

உங்கள் மகள் தொப்பிக் கதையைக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேறொருவர் கேட்டு முடித்த கேள்வி. வண்டைப் பற்றி இவர் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவரை உட்காரவைத்து அதைக் கேளுங்கள். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.