கடல் பிரமிடு தலைகீழாக வந்தது தப்பில்லை

பூமியில் 71 சதவீதம் கடல், உயிர்ப்பொருளும் (உயிரினங்களின் மொத்த எடை) அங்கேதானே அதிகம், அப்படியிருக்க மகள் சார்ட்டில் கடல் பிரமிடு (கீழே உணவைத் தயாரிக்கும் உயிர்கள், மேலே அவற்றைத் தின்பவை என எடைப்படி அடுக்கிய படம்) ஏன் கவிழ்ந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சார்ட்டைக் கிழித்துவிடாதீர்கள், சரியாகத்தான் வந்திருக்கிறது.

2018-இல் பார்-ஆன், பிலிப்ஸ், மைலோ என்ற விஞ்ஞானிகள் போட்ட கணக்கில், பூமியின் எல்லா உயிர்களும் சேர்ந்து, உடலிலுள்ள கார்பன் எடையாக, மொத்தம் சுமார் 55,000 கோடி டன். தாவரங்கள் மட்டும் 45,000 கோடி. கடலுக்கு வெறும் 600 கோடி! மரம் நூறு வருஷம் கட்டை சேர்க்கும். கடலின் நுண்பாசி சில நாளில் இரட்டிக்கும், அதைத் தின்னும் உயிர்கள் உடனே மேய்ந்துவிடும். கூட்டமான இட்லிக் கடை மாதிரி: தட்டில் எப்போதும் நாலு இட்லிதான், சுற்றி இருபது பேர். அதனால் கடலில் உற்பத்தியாளர்கள் (நுண்பாசி போல உணவைத் தாமே தயாரிப்பவை) 100 கோடி டன், தின்பவை (பாக்டீரியாவும் சேர்த்து) 500 கோடி.

தலைப்பில் ‘எடை’ என்று எழுதச் சொல்லுங்கள். எடைக்குப் பதில் ஒவ்வொரு படியிலும் பாயும் ஆற்றலைக் காட்டும் ஆற்றல் பிரமிடு கடலிலும் நிமிர்ந்தே நிற்கும்.