வாசகர் கேள்வி: ஸ்கீமில் ஓடிய சார்பு கொமன் லிஸ்பில் ஏன் ஓடவில்லை?

கேள்வி: நெல் மூடைகளின் நிறைப் பட்டியலைக் கணக்கிட ஸ்கீம் என்ற நிரல் மொழியில் நிரல் எழுதினேன். ஒரு சார்பை ‘செய்’ என்ற பரமானமாகக் (உள்ளீடாகக்) கொடுத்து, உள்ளே (செய் நிறை) என்று அழைக்கிறேன். அதன் உறவு மொழியான கொமன் லிஸ்பில் அதையே எழுதினால் ‘வரையறுக்கப்படாத சார்பு’ என்று பிழை வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: ஸ்கீமில் சார்புக்கும் மாறிக்கும் பெயர் வெளி (பெயர்களைத் தேடும் இடம்) ஒன்றுதான். கொமன் லிஸ்பில் இரண்டும் வேறு வேறு. அடைப்புக்குறியின் முதற் சொல்லை அது சார்புகளின் வெளியில் மட்டுமே தேடும். உங்கள் ‘செய்’ மாறிகளின் வெளியில் இருக்கிறது. ஆகவே மாறியில் உள்ள சார்பை அழைக்கும் ஃபன்கோலைச் சேர்த்து (ஃபன்கோல் செய் நிறை) என்று எழுதுங்கள். அதே பெயரில் பொதுச் சார்பு ஒன்று ஏற்கெனவே இருந்தால் பிழையே வராது, அந்தச் சார்பு ஓடிவிடும். அதுதான் பெரிய ஆபத்து.

பட்டியலின் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு சார்பை ஓட்டும் ஸ்கீமின் மப், கொமன் லிஸ்பில் மப்கார். டிஃபன் (பொதுச் சார்பை வரையறுக்கும் கட்டளை) கொண்டு வரையறுத்த ‘கழி’ என்ற சார்பை அனுப்பும்போது (மப்கார் #'கழி நிறைகள்) என்று எழுதுங்கள். #' என்பது சார்புகளின் வெளியில் தேடச் சொல்லும் குறி, ஆகவே பரமானமாக வந்த ‘செய்’யை அனுப்பும்போது அதைப் போடக்கூடாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

பட்டியலை ஒரே விடையாகத் திரட்டும் ஸ்கீமின் ஃபோல்டை கொமன் லிஸ்பின் ரிடியூஸாக மாற்றும்போது இன்னும் கவனம் தேவை. எஸ்ஆர்எஃப்ஐ-1 (ஸ்கீமின் பட்டியல் நூலகம்) இன் ஃபோல்ட், சார்புக்கு உறுப்பை முதலிலும் திரட்டியதை இரண்டாவதாகவும் தரும், ரிடியூஸ் நேர்மாறு. கூட்டலில் வித்தியாசம் தெரியாது. கழித்தலிலும், பட்டியலின் முன்னால் உறுப்பைச் சேர்க்கும் கொன்ஸிலும் விடை பிழையாகும். லம்டாவின் (பெயரில்லாச் சார்பின்) இரு பரமானங்களையும் இடம் மாற்றி, தொடக்கப் பெறுமானத்தை :இனிஷியல்-வலியு என்று கொடுங்கள்.

ஒரு சார்பின் உள்ளே வரையறுத்த சார்பு தன்னையே அழைத்தால், அதை வரையறுக்க லேபிள்ஸ் என்ற கட்டளையைப் பாவியுங்கள், ஃப்ளெட் என்ற கட்டளை போதாது.