கொட்டினால் தீருமா கோபம்?

கேள்வி: எனக்குக் கோபம் சட்டென்று வரும். கத்திவிடுவேன், பத்து நிமிடத்தில் மறந்தும்விடுவேன். எதையும் மனசில் வைத்துக்கொள்ளாத சுபாவம். அடக்கி வைத்தால் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே? மனைவிக்கு இது புரியவில்லை. மகள் பரவாயில்லை, என் பைக் சத்தம் கேட்டதுமே டி.வி.யை அணைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுவாள்.
- வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் மறந்துவிடுகிறீர்கள், சரி. வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் மறந்தார்களா என்று கேட்டீர்களா? உங்கள் மகள் படிக்கவில்லை ஐயா. ஸ்டாண்டை எப்படிப் போடுகிறீர்கள், செருப்பை எப்படிக் கழற்றுகிறீர்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புத்தகம் திறந்திருக்கும், ஒரு வரி மண்டையில் ஏறாது. அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன் நான், அதனால் தெரியும்.

கோபம் குக்கர் ஆவி மாதிரி, வெளியே விட்டால் அடங்கிவிடும் என்பது மனத்தை ஆராய்ந்த பிராய்டு காலத்திலிருந்து வரும் நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் இதைச் சோதித்து 2002-ல் வெளியிட்டார். 600 கல்லூரி மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி, 'படுமோசம்' என்று திருப்பிக் கொடுத்துச் சீண்டினார்கள். அப்புறம் ஒரு பிரிவினர், மட்டம் தட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் 2 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கோபம் அதிகமாக இருந்தது குத்தித் தீர்த்தவர்களுக்குத்தான். பதிலடிக்கு வாய்ப்புக் கொடுத்தபோது சும்மா இருந்தவர்களைவிடக் கடுமையாக நடந்துகொண்டதும் அவர்களே. 2024-ல் புஷ்மனும் அவர் சகாவும் 154 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, மூச்சுப் பயிற்சி, தியானம் என்று படபடப்பைத் தணிப்பவைதான் கோபத்தைக் குறைத்தன. ஓட்டப்பயிற்சிகூடக் கைகொடுக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தில் காட்டாமல் இருப்பதும் நல்லதில்லை என்பது உண்மை. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் செய்த சோதனைகளில், உணர்ச்சியை மறைத்தவர்களுக்கு உள்ளே அது குறையவில்லை, உடம்பின் பரபரப்பு கூடியது. ஆனால் கத்துவதற்கும் விழுங்குவதற்கும் நடுவே, "எனக்குக் கோபமா இருக்கு, கொஞ்ச நேரம் விடு" என்று வாயால் சொல்வதும் இருக்கிறதே!

ஒன்று கேட்கிறேன். மேலதிகாரியிடமும் இப்படித்தான் கத்துகிறீர்களா? இல்லையென்றால் அதற்குச் சுபாவம் என்று பெயர் வைக்காதீர்கள். ஆள் பார்த்து வருகிற கோபம் அது.

உங்களுக்குத் தேவை பத்து நிமிடம்தானே? பைக்கை நிறுத்திவிட்டு அதை வாசலுக்கு வெளியிலேயே கழியுங்கள். பிறகு உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு அப்பா கத்துனது தப்பு கண்ணு" என்று சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.