ஸ்கூட்டர் ஒரே பாட்டில் பெயர் வாங்கிய குழுதானா?

நிச்சயமாக இல்லை. 1993-ல் ஹாம்பர்க்கில் தொடங்கிய இந்த ஜெர்மன் டெக்னோ (மின்னணு நடன இசை) குழு இன்றும் மேடையேறுகிறது. இதைத் தொடங்கியவர்களில் பாடகர் ஹெச்.பி. பாக்ஸ்டரும் ரிக் ஜோர்டானும் அதற்கு முன்பே சின்த்-பாப் (சின்தசைசரில் வாசிக்கும் பாப் இசை) குழு நடத்தியவர்கள்; மெட்டு நன்றாகவே தெரியும்.

1994-ல் வந்த 'ஹைப்பர் ஹைப்பர்' கேட்டுப் பாருங்கள். அதில் பாட்டு என்று பெரிதாக எதுவும் கிடையாது. வெஸ்ட்பாம், மருஷா, கார்ல் காக்ஸ் என்று டிஜேக்களின் பெயர்களை பாக்ஸ்டர் மைக்கில் கத்திக்கொண்டே போவார். அந்தக் கத்தல்தான் அவர்களின் முத்திரை.

அப்புறம், பழைய மெட்டை எடுத்து அதிவேக பீட்டில் ஏற்றுவது. சூப்பர்டிராம்ப் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1979-ல் பாடிய 'தி லாஜிக்கல் சாங்', இவர்கள் கையில் கீச்சுக்குரலாக மாறி 2002-ல் பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. 2008-ல் 'ஜம்பிங் ஆல் ஓவர் தி வேர்ல்ட்' ஆல்பம் அங்கே முதலிடத்துக்கே போனது. எனக்கு அதுதான் அவர்களின் உச்சம்.