தொண்டு அமைப்புகள் சமூக ஊடகங்களை இன்னும் பயனுள்ள முறையில் கையாளுவது எப்படி?

ஆள்பலமும் பணமும் குறைவாக உள்ள தொண்டு அமைப்புகள் சமூக ஊடகங்களிலிருந்து உண்மையான பலனைப் பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் இயங்கும் ஒரு ரத்ததானக் குழுவின் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் பதிவுகளை ஒன்பது ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். ஒரு பதிவு எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பதைவிட, அதைத் தொடங்கி வைத்தவர்கள் முறையாக முடித்தும் வைக்கிறார்களா என்பதே முக்கியம் என்று இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. உதவி கேட்கும்போது காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, கேட்டது கிடைத்த பிறகு நாம் காட்டுவதில்லை.

தொடக்கக் காலத்தில், பிரசவத்துக்காக அனுமதிக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, அரிதாகவே கிடைக்கும் ஓ நெகட்டிவ் வகை ரத்தம் 2 யூனிட் தேவை என்று, அவருடைய கணவரின் கைபேசி எண்ணுடன் ஒரு செய்தியை அனுப்பினோம். அன்று மாலைக்குள் ரத்தம் கிடைத்துவிட்டது. தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள். ஆனால் அந்தச் செய்தியில் நாங்கள் தேதி போடவில்லை. எட்டு மாதம் கழித்து அந்தக் கணவர் எங்களை அழைத்து, "அண்ணே, பிள்ளை தவழ ஆரம்பிச்சிருச்சு, இன்னும் ராத்திரி ஒரு மணிக்கு போன் வருது. பேங்க், கேஸ் எல்லாம் இந்த நம்பர்லதான் இருக்கு, மாத்தவும் முடியல" என்றார். அதே செய்தியை நம்பித் திருமங்கலத்திலிருந்து இருசக்கர வாகனத்தில் மருத்துவமனை வரை வந்து ஏமாந்து திரும்பிய ஒரு மாணவர், அதன்பின் எங்கள் அழைப்பு எதையும் ஏற்கவில்லை. ஓ நெகட்டிவ் கொடையாளர் ஒருவரை இழப்பது எத்தகைய இழப்பு என்பது ரத்த வங்கி வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அதன்பின் எங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். செய்தியின் முதல் வரியிலேயே தேதியும் நேரமும், "இன்று மாலை 6 மணிக்குப் பின் பகிர வேண்டாம்" என்ற குறிப்பும் இருக்கும். குடும்பத்தினரின் எண்ணுக்குப் பதிலாகக் குழுவின் எண்ணை மட்டுமே தருகிறோம். வாட்ஸ்அப்பில் பலர் கைமாறிப் போய்விட்ட செய்தியை நம்மால் திருத்த முடியாது. ஆகவே விவரங்களை ஃபேஸ்புக் பக்கத்தில் பொதுப் பதிவாக எழுதி, அதன் இணைப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். தேவை நிறைவேறியதும் அந்தப் பதிவின் முதல் வரியை "தேவை முடிந்தது, நன்றி" என்று மாற்றிவிட்டால், இணைப்பு எங்கே சுற்றிக்கொண்டிருந்தாலும் திறந்து பார்ப்பவருக்கு உண்மை தெரிந்துவிடும். நம் நாட்டு விதிகளின்படி ஒருமுறை ரத்தம் கொடுத்த ஆண் 90 நாட்களும் பெண் 120 நாட்களும் காத்திருக்க வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையோ ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. எனவே முடிந்துபோன தேவைக்காக ஒருவரை வரவழைப்பதில் அவருடைய ஒரு மணி நேரம் மட்டும் வீணாவதில்லை, அடுத்த மூன்று மாதமும் வீணாகக்கூடும்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும் இதே சிக்கல் எழுந்தது. படகும் உணவும் கேட்ட செய்திகள், உதவி போய்ச் சேர்ந்த பிறகும் பகிரப்பட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு எண்ணையும் அழைத்துச் சரிபார்த்துப் பட்டியலிட்ட தன்னார்வலர்களின் வேலைதான் அப்போது பெரிதும் பயன்பட்டது.

வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) வழியாக அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும் என்பதைப் பல அமைப்புகள் அறியாமல் இருக்கின்றன. ஆகவே முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பழச்சாறு குடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுகிறோம்.

படுக்கையில் இருக்கும் நோயாளியின் படத்தைப் போட்டால் பகிர்வுகள் கூடும் என்பது உண்மைதான். இருந்தும் நாங்கள் போடுவதில்லை, ஏனென்றால் உயிருக்குப் போராடும் ஒருவருக்காக உதவி கேட்டு நிற்கும் குடும்பத்தால் நம்மிடம் மறுப்புச் சொல்ல முடியாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்காகப் பணியாற்றும் அமைப்புகளுக்கோ இது சட்டக் கட்டாயமும்கூட: அவர்களை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது.

2014இல் தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொண்ட சவால் பலருக்கு நினைவிருக்கும். தசைகளை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைக்கும் ஏஎல்எஸ் நோய்க்காகப் பணியாற்றும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு அதன் மூலம் ஏறத்தாழ 11.5 கோடி டாலர் சேர்ந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்தப் பணம் துணைநின்ற ஆய்வில் நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு கண்டறியப்பட்டதை 2016இல் அச்சங்கம் மக்களிடம் திரும்பி வந்து சொன்னதுதான்.

எங்கள் அளவில் நாங்களும் அதைச் செய்கிறோம். ரத்தம் கொடுத்த மறுநாள், நோயாளியின் பெயரைச் சொல்லாமல், "நீங்கள் வந்ததால் நேற்றைய அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகாமல் நடந்தது" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுகிறோம். கல்லூரிகள் மூடப்பட்டு முகாம்களே இல்லாத மே மாதத்தில், ரத்த வங்கியில் கையிருப்பு குறைந்து நாங்கள் அழைக்கும்போது, முதலில் கிளம்பி வருபவர்கள் அந்த மறுநாள் செய்தியைப் பெற்றவர்களாகவே இருக்கிறார்கள்.