துணைப் பிரதமர் அடுத்த பிரதமரா?

அன்புள்ள ஐயா,

பிரதமர் இறந்தாலோ செயல்பட முடியாமல் போனாலோ துணைப் பிரதமரே தானாக அந்த இடத்துக்கு வருவார், அதற்காகத்தான் அந்தப் பதவி என்று நான் சொன்னேன். அப்படி ஒரு சட்டமும் கிடையாது, கூட்டணித் தலைவர்களைச் சமாதானப்படுத்தத் தரும் அலங்காரப் பதவி அது என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொல்வதே சரி. அலங்காரம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. அமெரிக்கத் துணை அதிபர் அதிபரோடு சேர்த்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார், ஆகவே இடம் காலியானால் அரசியலமைப்பின்படி அவரே அதிபர். நாடாளுமன்ற முறையில் பிரதமரின் அதிகாரம் அவையின் நம்பிக்கையிலிருந்து வருவதால், அது இன்னொருவருக்கு வாரிசுரிமையாக இறங்குவதில்லை.

இந்திய அரசியலமைப்பு துணைப் பிரதமர் என்ற பதவியைக் குறிப்பிடவே இல்லை. 1989-ல் தேவிலால் துணைப் பிரதமர் என்று சொல்லிப் பதவிப்பிரமாணம் எடுத்தது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அது ஒரு விவரிப்பு மட்டுமே, பிரதமரின் அதிகாரம் எதையும் அது அவருக்குத் தராது என்று முடிவாயிற்று. 1964-ல் நேருவும் 1966-ல் சாஸ்திரியும் மறைந்தபோது இடைக்காலப் பொறுப்பேற்ற குல்சாரிலால் நந்தா துணைப் பிரதமர் அல்லர், உள்துறை அமைச்சர். ஆஸ்திரேலியாவில் 1967 டிசம்பரில் பிரதமர் ஹெரால்டு ஹோல்ட் கடலில் நீந்தச் சென்று காணாமல் போனபோது, கூட்டணியின் சிறிய கட்சித் தலைவரான ஜான் மெக்கீவன் பிரதமரானார். பெரிய கட்சி ஜான் கார்ட்டனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததும், சில வாரங்களிலேயே, விலகிக்கொண்டார். துணைப் பிரதமர் என்ற பட்டம் அங்கே முறைப்படி உருவாக்கப்பட்டதே அதன் பிறகுதான்.

அப்படியானால் அந்தப் பதவியில் இருப்பவர் என்னதான் செய்கிறார்? என் பார்வையில் இதற்குச் சிறந்த விடை கிளமென்ட் அட்லீ. 1942 முதல் போர்க்கால பிரிட்டனின் துணைப் பிரதமராக இருந்த அவர், சர்ச்சில் வெளிநாடு செல்லும்போதெல்லாம் போர் அமைச்சரவைக்குத் தலைமை வகித்தார். உள்நாட்டு நிர்வாகத்தைக் கவனிக்கும் குழுக்களை நடத்தி, துறைகளுக்கிடையிலான பூசல்கள் பிரதமரின் மேசைக்குப் போகுமுன்பே பலவற்றைத் தீர்த்துவைத்தார். யாரும் அதிகம் பார்க்காத இந்த வேலை இல்லாவிட்டால் ஓர் அரசு தன் உள்பூசலிலேயே தேங்கிவிடும். இந்தியாவின் முதல் துணைப் பிரதமர் வல்லபபாய் படேலின் வலிமையும் பட்டத்திலிருந்து வரவில்லை. உள்துறையும் சமஸ்தானங்களுக்கான துறையும் கட்சியில் அவருக்கிருந்த பிடியுமே அதைத் தந்தன. இலாகாவும் இல்லாமல், எந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்ற தெளிவும் இல்லாமல் ஒருவரைத் துணைப் பிரதமராக அமர்த்துவது தீங்கானது என்றே நினைக்கிறேன், ஏனெனில் யாருடைய உத்தரவை நிறைவேற்றுவது என்று அதிகாரிகள் திகைத்து நிற்பார்கள்.

2020 ஏப்ரலில் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, அவருக்குப் பதிலாகச் செயல்பட்ட வெளியுறவு அமைச்சர் டோமினிக் ராப் அப்போது துணைப் பிரதமர் என்ற பட்டம் இல்லாதவர். தேவையான இடங்களில் தனக்காகச் செயல்படும்படி பிரதமரே அவரைக் கேட்டுக்கொண்டிருந்ததால் நிர்வாகம் நின்றுவிடவில்லை என்றாலும், இதைப் பிரதமர் நோயுற்ற நாளின் வாய்மொழிக்கு விடாமல், ஆட்சி அமைந்த அன்றே எழுதி வெளியிட வேண்டும் என்பதே என் கருத்து.