ரொம்பப் பிடித்ததும் அதே அளவு எரிச்சல் தந்ததுமான அறிவியல் புனைவு எபிசோட் எது?

யோசிக்கவே வேண்டாம். 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ஐந்தாம் சீசனில் வரும் 'தி இன்னர் லைட்'. 1992 ஜூன் 1 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. மறு ஆண்டு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கியது. 1968க்குப் பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரின் எபிசோடுக்கு அந்த விருது கிடைத்தது அப்போதுதான். ஸ்டார் டிரெக் ரசிகர்கள் போடும் எந்தப் பட்டியலிலும் முதல் சில இடங்களில் இது இருக்கும். இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. எப்போது பார்த்தாலும் அழுகிறேன். கோபம் வருவது அழுது முடித்த பிறகுதான்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. (முப்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.)

எண்டர்பிரைஸ் என்ற விண்வெளிக் கப்பலுக்கு எதிரே ஆளில்லாத சின்ன விண்கலம் ஒன்று வந்து நிற்கிறது. அதிலிருந்து ஒரு கதிர் பாய்கிறது. கேப்டன் பிக்கார்ட் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுகிறார். கண் விழித்தால் வேறு கிரகம். கட்டான் என்ற அந்தக் கிரகத்தில் ரெசிக் என்றொரு சிற்றூர். இங்கே இவர் பெயர் காமின், தொழில் இரும்பு பின்னுவது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எலைன், 'நான் உன் மனைவி, ஒரு வாரமாய் உனக்குக் காய்ச்சல்' என்கிறாள். கப்பலாவது கேப்டனாவது, எல்லாம் ஜன்னியில் கண்டது. மனிதர் லேசில் நம்பவில்லை. ஐந்து வருடம் கழித்தும் தொலைநோக்கியில் வானத்தைத் துழாவிக்கொண்டே இருக்கிறார். அப்புறம் மெல்ல விட்டுக்கொடுக்கிறார். ஒரு மகள், ஒரு மகன். புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறார். ஊரில் மழை இல்லை, வறட்சி முற்றிக்கொண்டே போகிறது. மனைவி இறக்கிறாள். இவர் தாத்தா ஆகிறார். ஒருநாள் ஊரே திரண்டு ஏதோ ராக்கெட் விடுவதைப் பார்க்கப் போகிறது. அங்கே செத்துப்போன மனைவியும் நண்பனும் இளமையாய் வந்து நின்று உண்மையைச் சொல்கிறார்கள்: எங்கள் சூரியன் வெடித்து நாங்கள் அழிந்து ஆயிரம் வருடம் ஆகிறது. இந்த ராக்கெட்டை நீ ஏற்கெனவே பார்த்துவிட்டாய், உன் கப்பலுக்கு எதிரே வந்து நின்றது இதுதான். எங்களைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது, அது நீதான்.

பிக்கார்ட் கண் விழிக்கிறார். கப்பலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த விண்கலத்துக்குள் கிடைப்பது அவர் வாசித்த அதே புல்லாங்குழல்.

இதில் சண்டை இல்லை, வில்லன் இல்லை. ஒரு மனிதன் கிழவன் ஆகிறான், அவ்வளவுதான் கதை. பிக்கார்டாக நடித்த, அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்த பாட்ரிக் ஸ்டூவர்ட் அந்த முதுமையை நடையிலும் தோளிலும் ஏற்றிக்கொண்டே போவார். ஒப்பனை ஒரு பங்குதான், மீதி அவர் உடம்பு. மகன் பட்டாயாக வருவது அவருடைய சொந்த மகன் டேனியல் ஸ்டூவர்ட். அந்தப் பையன் படிப்பை விட்டுவிட்டு இசையில் இறங்கப்போவதாகச் சொல்கிறான், அப்பா அதை மென்மையாக ஏற்றுக்கொள்கிறார். எஸ்.பி.எம். (மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வு) எழுதாமல் புல்லாங்குழல் ஊதப்போகிறேன் என்று எங்கள் வீட்டில் ஒருவர் சொல்லியிருந்தால் கதை வேறு கிரகத்துக்குப் போயிருக்கும்.

அப்புறம் அந்தச் செருப்பு விஷயம். வீட்டுக்குள் வந்ததும் காலணியைக் கண்ட இடத்தில் கழற்றிப் போடாதே என்று எலைன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். சாகும்போதும் அதையேதான் சொல்வாள், எடுத்து வை என்று. பெரிய வசனம் ஏதாவது எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மலேசியத் தமிழருக்கு இந்தக் கதை இன்னொரு இடத்திலும் தைக்கும். என் அம்மா சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு), விடியும் முன்பே பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பால் வெட்டப் போகும் பெண்கள் பிள்ளையை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில். இன்று அந்தத் தோட்டம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் நிலம் கைமாறியது, இப்போது அங்கே இருப்பது ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பேட்டை. கோலாலம்பூரைச் சுற்றி இப்படி எத்தனையோ. 1998 காமன்வெல்த் போட்டி நடந்த தேசிய விளையாட்டரங்கம் இருக்கிறதே, அந்த புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் தோட்டம்தான். எல்.ஆர்.டி. ரயிலில் வந்து அங்கே இறங்கிக் கச்சேரிக்கும் பந்தாட்டத்துக்கும் ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

எபிசோடில் ஒரு காட்சி. மண் செத்துவிட்டது, இது சாதாரண வறட்சி இல்லை என்ற முடிவுக்கு மகள் மெரிபோரும் அப்பாவும் தனித்தனியாகவே வந்திருப்பார்கள். ஊர் நிர்வாகியிடம் போய்ச் சொன்னால், அவருக்கு முன்பே தெரியும். ஜனங்கள் பீதியடைவார்கள் என்று மேலிடம் மூடி வைத்திருக்கிறது. தோட்டம் விற்றுப்போன சேதி லயத்து ஆட்களுக்குத்தான் கடைசியாக வந்தது என்று அம்மா சொல்வார். கிராணிக்கு (தோட்டத்துக் கணக்கர்) தெரிந்திருந்தது, தண்டலுக்குக்கூட (மேஸ்திரி) அரசல் புரசலாகத் தெரிந்திருந்ததாம். இந்தக் காட்சி வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேச்சுத்தான் காதில் விழும்.

சரி, இப்போது எரிச்சல்.

சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். விண்மீன் அறிவியல் கொஞ்சம் தெரிந்தவர்கள் பல்லைக் கடிக்க வேண்டும். எபிசோட் 'நோவா' என்கிறது. நோவா என்பது ஒரு வெள்ளைக் குள்ள விண்மீன் பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்துக்கொள்ளும்போது மேற்பரப்பில் ஏற்படும் வெடிப்பு. நம் சூரியன் மாதிரி தனி விண்மீனுக்கு அது வராது. சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் கனமான விண்மீன் என்றால் சூப்பர்நோவாவாக வெடிக்கும். ஆனால் அதன் ஆயுள் சில கோடி வருடம்தான், அதற்குள் ஒரு கிரகத்தில் உயிர் தோன்றி, ஊர் அமைத்து, புல்லாங்குழல் செய்ய நேரம் போதாது. இன்னொன்று, மண் பானையும் கைத்தொழிலுமாக வாழ்கிற ஜனங்கள், முன்பின் அறியாத வேற்றுலக மூளைக்குள் ஒரு முழு வாழ்க்கையை இறக்கும் கருவியை எப்படிச் செய்தார்கள்? 'இதுக்கெல்லாம் லாஜிக் பாக்காத லா' என்பான் என் அண்ணன். பார்க்கவில்லை. இவ்வளவு அழகான கதைக்கு அந்த அளவு சலுகை தரலாம்.

இரண்டாவதற்குத் தர முடியவில்லை. இது பிக்கார்டின் சம்மதம் இல்லாமல் நடக்கிறது. அவர் மயங்கிக் கிடக்கும்போது கப்பலில் உள்ளவர்கள் அந்தக் கதிரைத் துண்டிக்கப் பார்க்கிறார்கள். உயிருக்கே ஆபத்தாகிவிட, பயந்துபோய் மறுபடி இணைய விடுகிறார்கள். அதாவது கேட்க மாட்டேன் என்று எழுந்து போனால் சாவு. இதே காரியத்தை வேறொரு இசையைப் பின்னணியில் போட்டு எடுத்திருந்தால் ஆள் கடத்தல் கதை என்றுதான் சொல்லியிருப்போம். எலைன் அவ்வளவு அன்பானவள் என்பதால் யாரும் கேட்பதில்லை. அந்த அன்பே ஒரு கட்டளையின் பகுதிதானே என்று எனக்கு உறுத்தும். ஆனால் அந்த ஊர்க்காரர்களின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கும் வாய் அடைத்துப்போகிறது. செத்துக்கொண்டிருக்கும் ஒரு கிராமத்தின் கதையை அனுமதி கேட்டுச் சொல்ல ஆரம்பித்தால் யார் நின்று கேட்பார்கள்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, எபிசோடும் கேட்பதில்லை.

நாரதர் கதையை நம்மில் பலர் சின்ன வயதில் கேட்டிருப்போம். மாயை என்றால் என்ன என்று நாரதர் கேட்க, முதலில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவா என்று அனுப்புகிறார் திருமால். தண்ணீருக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து, மணந்து, பிள்ளை பெற்று, வெள்ளத்தில் எல்லாரையும் பறிகொடுத்துக் கதறும்போது, 'தண்ணீர் எங்கே, அரை நாழிகையாகக் காத்திருக்கிறேனே' என்று குரல் கேட்கும். இந்த எபிசோடின் எலும்புக்கூடு அப்படியே அதுதான். ஆனால் தலைகீழாக. நாரதருக்குச் சொல்லப்பட்டது அதெல்லாம் பொய், விட்டுவிடு என்பது. பிக்கார்டுக்குச் சொல்லப்பட்டது, அதெல்லாம் நிஜம், விட்டுவிடாதே, போய்ச் சொல் என்பது. இந்தத் திருப்பத்துக்காகவே எழுத்தாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கும்பிட்ட கையைக் கீழே போட வைப்பது அதற்கு அடுத்த எபிசோட். இரண்டு வாரம் கழித்து வந்தது, 'டைம்ஸ் ஆரோ'. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குகைக்குள் டேட்டா என்ற ரோபோ அதிகாரியின் வெட்டப்பட்ட தலை கிடைக்கிறது, பிக்கார்ட் வழக்கம்போல் விறைப்பாகக் கட்டளை போடுகிறார். ஏறக்குறைய நாற்பது வருடம் ஒரு கிராமத்தில் இரும்பு பின்னிக்கொண்டிருந்தவருக்குக் கப்பலின் ரகசியக் குறியீடுகளாவது நினைவிருக்குமா? பேரனை விட்டுவிட்டு வந்தவர் எப்படித் தூங்குகிறார்?

இந்த எபிசோடை ஒரு தீபாவளி விடுமுறையில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு விண்வெளிக் கதையில் ஆர்வம் கிடையாது. முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு பாதியில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பிக்கார்ட் குழலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசிப்பதோடு படம் முடிந்தது. 'அடுத்த வாரம் என்னா ஆகும்?' என்று கேட்டார். ஒன்றும் ஆகாதும்மா, டூட்டிக்குப் போயிடுவாரு என்றேன். 'ஏண்டி, ஒரு ஊரே செத்துப்போச்சு, ஒரு கருமாதி கூட இல்லையா?' என்றார்.

இந்த எபிசோடைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சரியான இடத்தில் கை வைத்ததில்லை.

வாராவாரம் புதுக்கதை, போன வாரத்துச் சுமை இந்த வாரம் கூடாது என்பது அந்தக் காலத் தொலைக்காட்சியின் விதி, தெரியும். ஆனால் இதே தொடர் அந்த விதியை முன்பு ஒருமுறை உடைத்தது. 1990இல் 'போர்க்' (Borg) என்ற பாதி இயந்திரக் கூட்டம் பிக்கார்டைப் பிடித்து இயந்திரமாக மாற்றிய கதை முடிந்ததும், அடுத்து 'ஃபேமிலி' என்று ஓர் எபிசோட் முழுக்க அவர் பிரான்சில் சொந்த ஊருக்குப் போய், அண்ணனோடு திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் கட்டிப் புரண்டு சண்டை போட்டு, உடைந்து அழுவார். போர்க்களத்தின் காயத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, மனைவி மக்களை இழந்த காயத்துக்கு ஒதுக்கத் தெரியவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய மனத்தாங்கல், ரெசிக் ஜனங்கள் கேட்டது நடக்கவில்லை என்பது. அவர்கள் வேண்டியது தங்களைப் பற்றிப் பிறரிடம் பேசும் ஓர் ஆள். கிடைத்தது கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குழல் வாசிக்கும் ஆள். அந்த விண்கலமும் ஒருவருக்கு மட்டும் வேலை செய்துவிட்டு அணைந்துபோகிறது, ஆக மொத்தக் கதையும் ஒரே மனிதரிடம். அவரோ சொந்த விஷயம் பேசவே கூச்சப்படும் ஆசாமி. தேர்வு சரியில்லை. எங்கள் தோட்டத்து ஆட்களில் யாராவது ஒருவர் மீது அந்தக் கதிர் பட்டிருக்க வேண்டும்! பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இப்போதும் எங்கெங்கிருந்தோ வந்து கூடுவார்கள். செந்தூலிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வருவார்கள், ஜொகூரிலிருந்துகூட. வந்து உட்கார்ந்தால் போதும், எந்த லயத்தில் யார் வீடு, எந்தக் கிராணி எந்தப் பிள்ளையின் பேரை பிறப்புப் பத்திரத்தில் தப்பாக எழுதினார், யார் மாடு யார் மல்லிச்செடியைத் தின்றது என்று சாமி புறப்படும்வரை ஓயாது. எங்களைப் போன்ற தாமான் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனோம். அந்த அலுப்புதான் பிக்கார்டின் சக அதிகாரிகளுக்கும் வந்திருக்க வேண்டும். உணவறையில் துணைக் கேப்டன் ரைக்கர், 'ஐயோ, மறுபடியும் ரெசிக் கதையா' என்று நழுவி ஓடும் ஒரு காட்சிக்கு நான் எதையும் தருவேன்.

குழலை மட்டும் தொடர் மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆறாம் சீசனில் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். 1993இல் வந்த 'லெசன்ஸ்' எபிசோடில் நெல்லா டேரன் என்ற அதிகாரியோடு பிக்கார்டுக்குக் காதல் வருகிறது. அப்போதுதான் குழல் எங்கிருந்து வந்தது என்பதை அவளிடம் சொல்கிறார். படப்பிடிப்பில் பயன்படுத்திய குழல் 2006இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 48,000 டாலருக்குப் போனது.

ஆகவே பார்க்காதவர்களுக்கு என் யோசனை: முதலில் நான்காம் சீசனின் 'ஃபேமிலி', அடுத்து இது, அப்புறம் டேட்டாவின் தலையைத் தாண்டிக் குதித்து நேராக 'லெசன்ஸ்'. காதல் கதை என்ற அளவில் 'லெசன்ஸ்' சுமார்தான். ஆனால் கப்பலின் பராமரிப்புக் குழாய்க்குள் இரண்டு பேரும் தவழ்ந்து போய், எதிரொலி நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்தக் காட்சியில் இன்னொரு மனிதப் பிறவி அந்தப் பாட்டைக் கேட்கிறது. அம்மாவுக்கு இதை இன்னும் போட்டுக் காட்டவில்லை. கருமாதிக் கணக்கில் சேர்த்துக்கொள்வாரா என்று சந்தேகம்தான்.